ஷின்ஜுகுவில் தொலைந்த புதன்கிழமைக்காரி

ரங்கூன் பபேடானில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த சுற்றுலா ஆபீசுக்குப் போன மாதம் ஒரு காரியமாகப் போனேன். சுவரில் இருந்த புத்தகயா படத்தையும் ஃபூஜி மலைப் படத்தையும் கழற்றிவிட்டு, ஜப்பான் மொழி வகுப்பு, மாணவர் விசா என்று பர்மிய எழுத்தில் பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் படிக்கட்டு வரை நின்றார்கள். எங்கள் காலத்தில் கூட்டிக்கொண்டு போனவர்களைக் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. இப்போது விமானம் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. எது சரி, எது தப்பு என்று சொல்ல நான் யார்? எனக்குத் தலை சுற்றியது, அவ்வளவுதான்.

மேசையில் இருந்த புதுப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். “சயாமா, நீங்க கூட்டிட்டுப் போன குரூப்புல ஒரு ஆள்கூடக் கொறஞ்சதில்லையாமே. பெரியவரு சொல்லிட்டே இருப்பாரு” என்றாள். சயாமா என்றால் டீச்சரம்மா. ரங்கூனில் நாலு பேருக்கு முன்னால் நின்று பேசுகிற பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிடும். நானும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட் வந்து சேரும் வரைக்கும் மனசு உறுத்தியது. ஊர் திரும்பும்போது குறைந்ததில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு ஆள் குறைந்திருந்தார். அந்தக் கதையை எங்கள் முதலாளி பெரியவரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

இப்போது எழுதிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் மோசமில்லை. கதையில் வருகிற அம்மாவுக்கும் மகளுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கள் ஊரில் தமிழில் எழுதுவதில் உள்ள வசதி இது.

என் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகு நாற்பது வயதில் டிக்கெட் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் சரோஜா, ஆபீசில் டோ சான் சான். இரண்டாம் வருஷம் புத்தகயா யாத்திரைக்கு வழித்துணையாக அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவள் இந்தியாவில் எங்கும் பேசிச் சமாளிப்பாள் என்று முதலாளி நம்பினார். கயா ஸ்டேஷனில் இறங்கி ஒரு ரிக்‌ஷாக்காரனோடு பேசியதும் அந்த நம்பிக்கை போயிற்று. பிறகு பாங்காக், பிறகு ஜப்பான். ஜப்பானுக்காகச் சாயங்கால வகுப்பில் ஆறு மாதம் மொழி படித்தேன். பேசுவேன். சின்ன எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சீன எழுத்து மாதிரி அடர்த்தியாக இருப்பது இன்றுவரை எனக்குச் சித்திரம்தான்.

முதலாளி பெயர் ஊ லா மாங். அவருடைய அம்மா தமிழச்சி, அவரைக் கோவிந்தன் என்றுதான் கூப்பிடுவாராம். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற உலகப் படத்தைப் பார்த்துப் பேசுவார். நாள் முழுக்க பர்மியப் பேச்சு. தமிழுக்கு மாறினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ஆபீசில் எல்லாரும் அதற்குப் பயந்தோம்.

அவர் வைத்த முறை ஒன்று உண்டு. ஆளைத் தலை தொட்டு எண்ணக் கூடாது என்பார். அவர் அம்மா சொன்னதாம், மனுஷரை எண்ணினால் கண் பட்டுக் குறையும் என்று. அதனால் கிழமையால் எண்ணினோம். பர்மியருக்குத் தான் பிறந்த கிழமை தெரியாமல் இருக்காது. பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, ஒரு மிருகம். ஞாயிறு கருடன், திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், வியாழன் எலி, வெள்ளி பெருச்சாளி மாதிரி ஒன்று, சனி நாகம். புதன்கிழமையை மட்டும் இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். காலையில் பிறந்தவர் தந்தம் உள்ள யானை, மதியத்துக்கு மேல் பிறந்தவர் தந்தம் இல்லாத யானை. அதற்கு ராகு என்று பெயர். ஆகக் கிழமை ஏழு, மூலை எட்டு.

விமான நிலையத்திலேயே பயணிகளைக் கிழமைவாரியாகப் பிரித்து, மூலைக்கு ஒரு தலைவரைப் போடுவோம். பஸ் ஏறுகிறபோது நான் “புலி?” என்பேன். “எல்லாரும் இருக்கோம்” என்று பதில் வரும். “நாகம்?” “இருக்கோம்.” ஜப்பான்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரே கிழமைக்காரர்கள் சொந்தக்காரர் மாதிரி ஒட்டிக்கொள்வார்கள், ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். முறை அருமையான முறை. ராத்திரி முதலாளி போன் செய்தால் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா எதுவும் கிடையாது. “எட்டு மூலையும் நிறைஞ்சுதா?” ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. டோக்கியோவில் ஒரு ஆள் குழுவை விட்டு ஓடிப்போனால் அடுத்த குழுவுக்கு விசா கிடைக்காது. ஆளைக் காணோம் என்றால் அன்று நள்ளிரவுக்குள் ஜப்பான் பக்கத்து முகவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தால் ஓடிப்போனவர் கணக்குத்தான். பிறகு அவர் திரும்பி வந்து வழி தவறிவிட்டது என்றாலும் அந்தப் பெயர் அழியாது. அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற சொந்தக்காரர் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள் ராத்திரி ‘ஷின்ஜுகு வெளிச்சம்’ என்று டோக்கியோவின் அந்த ராத்திரிக் கடைவீதிக்கு ஒரு வரி இருக்கும். பயணிகளுக்குக் கோயிலைவிட அதில்தான் ஆசை. நம் ஊரில் கரண்ட் முறை வைத்து வருகிறது, இருட்டினால் தெருவில் நாயைத் தவிர ஆள் இல்லை. அங்கே ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டப்பகல். ஒருவர் என்னிடம், “இங்க எப்ப சயாமா கரண்ட் போகும்?” என்று மணி கேட்டார், விளையாட்டுக்கு இல்லை.

பத்து வருஷம் அந்தத் தெருக்களில் ஆளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். புரிந்தது என்று சொன்னால் பொய். ஒரு கட்டிடத்துக்குப் பத்து மாடி, மாடிக்கு ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் எட்டுப் பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. சந்தில் இன்னும் சின்னதாக, நாலு நாற்காலிக் கடைகள். கடைக்குக் கதவு இருக்கும், கதவில் எழுத்து இருக்கும், உள்ளே என்ன விற்கிறார்கள் என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. கபுகிச்சோ பக்கம் திரும்பினால் சுவர் உயரத்துக்கு ஆண்பிள்ளைகளின் முகம், முடியைச் சீவிச் சிலிர்த்துக்கொண்டு. சினிமா நடிகர்கள் என்று இரண்டு குழுவுக்குச் சொல்லியிருக்கிறேன். பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் அவர்கள் தொழில் என்று பிறகு தெரிந்தது. பேசிக்கொண்டிருப்பது ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். என் தொழிலும் கிட்டத்தட்ட அதுதான்.

இனி அந்த அம்மா. ராஜேஸ்வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட்காரர், ஐம்பத்தாறு வயது, கணவர் இல்லை. த்வாண்டேயில் தம்பிக்குப் பானைச் சூளை, டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அந்தத் தம்பி. ஒரே மகள் வாணி, இரண்டு வருஷத்துக்கு முன் டோக்கியோவுக்குப் படிக்கப் போனவள். படித்துக்கொண்டே ஒரு ஆபீசில் வேலை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, அன்று ஹோட்டலுக்கு வந்து பார்க்கிறேன் என்று ஏற்பாடு.

ராஜேஸ்வரி அம்மா பதிய வந்தபோது கேட்ட கேள்வி ஒன்றுதான். “அந்தப் பெரிய பூனை இருக்கே, அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?” ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கட்டிடத்து உச்சியில் வளைந்த திரை இருக்கிறது. அதில் ஒரு பூனை தலையை நீட்டி நம்மை எட்டிப் பார்க்கும், விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். எல்லாரும் போனில் பார்த்திருக்கிறார்கள். இந்த வயதில் பூனை பார்க்க ஆசையா என்று நினைத்தேன். “போவோம்” என்றேன்.

கிழமை கேட்டபோது புதன் என்றார். காலையா, மதியமா? “சரியா பன்னண்டு மணி. மில்லு சங்கு ஊதினப்ப பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்.” இப்படி ஒரு ஆள் எனக்கு வாய்த்ததே இல்லை. “அப்ப ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டேன். என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அந்த ஒரு வாக்கியம்தான். முதல் நாள் புதன்காரர்களோடு உட்கார்ந்தார். மறுநாள் மதியம் ராகுக்காரர்களோடு சாப்பிட்டார்.

அன்று ராத்திரி எட்டரை மணிக்குப் பூனையைப் பார்த்தோம். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு ஒரு மணி நேரம் நடை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: “ஆளைத் தவறவிட்டா தேடிக்கிட்டு அலையாதீங்க, நின்ன எடத்துலயே நில்லுங்க. தேடுறது என் வேலை.” ஒன்பதரைக்குப் பஸ் வந்து நின்றது. அங்கே பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வரும், பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். நான் மிருகங்களைக் கூப்பிட்டேன். புதன்காரர்கள் “இருக்கோம்” என்றார்கள், அந்த அம்மா ராகுவோடு இருக்கிறார் என்று நினைத்து. ராகுக்காரர்கள் “இருக்கோம்” என்றார்கள், அவர் புதனோடு இருக்கிறார் என்று நினைத்து. எட்டு மூலையும் நிறைந்தது. கதவு மூடுகிற நேரம் பார்த்தால் ஜன்னலோரத்தில் ஒரு இருக்கை காலியாக இருக்கிறது.

ஜப்பான் பக்கத்து வழிகாட்டி மோரி சான் அறுபது தாண்டியவர், கையில் எப்போதும் ஒரு மஞ்சள் கொடி. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “நான் இவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டுப் பன்னிரண்டு வரை வரவேற்பறையில் இருப்பேன்” என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நான் இறங்கிவிட்டேன்.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். ஹோட்டல் வைஃபை இல்லாத இடத்தில் அவர் போன் வெறும் கண்ணாடி. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. வந்த வழியே போகிறேன் என்று திரும்பினால் வந்த வழியே இல்லை. ஒன்பது மணிக்கு மீன் வாட்டிக்கொண்டிருந்த கடை பத்து மணிக்குக் கதவைச் சாத்தி, பக்கத்துக் கதவு திறந்து பாட்டுச் சத்தம் வருகிறது. மூன்று தடவை ஒரே சிவப்பு விளக்கு வளைவுக்கு முன்னால் வந்து நின்றேன்.

ஒரு கடை வாசலில் எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சமும் அடர்த்தி எழுத்து கொஞ்சமும் கலந்து ‘இலவச வழிகாட்டி நிலையம்’ என்கிற மாதிரி இருந்தது. பத்து வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன், அரசாங்கத்து இடம் என்று நினைத்து வைத்திருந்தேன். உள்ளே போனால் சுவர் முழுக்கப் பெண்பிள்ளைகளின் படம். கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு ஆட்கள். திரும்பி ஓடவும் வெட்கம். காலையில் எடுத்த ராஜேஸ்வரி அம்மாவின் படத்தைப் போனில் காட்டி, “இவரைத் தேடுகிறேன்” என்றேன். கன்னத்தில் சந்தனம் மாதிரித் தனகா பட்டையை அரைத்துப் பூசிய ஐம்பத்தாறு வயது அம்மாவை அவர்கள் இருவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். பெரியவன் ரொம்ப மரியாதையாக, “இங்கே இந்த மாதிரி இல்லை” என்றான். பிறகுதான் காணாமல் போன ஆள் என்று புரியவைத்தேன். உடனே அவன் மேசையை விட்டு வெளியே வந்து, என்னோடு முனை வரைக்கும் நடந்து, போலீஸ் பெட்டி என்கிற சின்னக் காவல் சாவடியைக் காட்டிவிட்டு இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுப் போனான். நல்லவனா, கெட்டவனா? எனக்குத் தெரியவில்லை.

போலீஸ் பெட்டிக்கு எதிரே நின்றேன். உள்ளே வெளிச்சத்தில் ஒரு இளைஞன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். படியேறிச் சொன்னால் தேட நூறு பேர் கிடைப்பார்கள். ஆனால் சொன்ன நிமிஷத்தில் காகிதம். அந்தக் காகிதம் ராஜேஸ்வரி அம்மாவின் பெயரில், அது வழியாக வாணியின் பெயரில். அப்போது போன் அடித்தது.

“எட்டு மூலையும் நிறைஞ்சுதா?” முதலாளி பர்மியத்தில் கேட்டார். பின்னால் ஜெனரேட்டர் சத்தம். ரங்கூனில் அப்போது எட்டுகூட ஆகவில்லை.

“புதன்கிழமை ஒன்னு கொறையுது சயா.”

பிறகு தமிழ் வந்தது. “சரோஜா, பன்னண்டுக்கு எழுதிக் குடுத்திரு. நீ யாருன்னும் பாக்காத, அந்தம்மா யாருன்னும் பாக்காத. அடுத்த குரூப்பு பதினாறு பேரு காத்துக் கெடக்கு.”

“சரிங்க சயா” என்றேன். அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பூனை ஞாபகம் வந்தது. பதிய வந்த அன்றே கேட்டாரே, அந்தப் பூனை இருக்கிற இடத்துக்குப் போவீங்களா என்று.

ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், முழங்கால் விடாது. வேகமாக நடந்தேன். பூனை உச்சியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கீழே எல்லாரும் தலையைத் தூக்கி நிற்க, ஒரு மருந்துக் கடையின் தூணுக்குப் பின்னால் அரக்கு லுங்கியும் ஆண்பிள்ளை ஸ்வெட்டருமாக ஒரு அம்மா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். பக்கத்தில் போனதும் அழுகைதான் வந்தது.

“பஸ்ஸு எத்தன மணிக்குங்க?” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

“பஸ்ஸு போயி ஒரு மணி நேரம் ஆச்சு.”

“நீங்கதானே சயாமா சொன்னீங்க, நின்ன எடத்துலயே நில்லுங்கன்னு. நின்னேன்.”

“தொலைஞ்சு போனீங்களா?”

மோவாயை மட்டும் தூக்கிக் காட்டினார். எதிர்ச் சாரியில் ஒரு மாடிப்படி வாசல். அதன் முன் ஒரு பெண், தலையில் பூனைக் காது, குட்டைப் பாவாடை, வெள்ளைக் காலுறை, கழுத்தில் தொங்கும் பலகை. போகிற வருகிறவர்களுக்குச் சின்னச் சின்ன டிஷ்யூ பொட்டலம் நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் விளம்பரத்தை டிஷ்யூவில் ஒட்டித்தான் கொடுப்பார்கள். ஆயிரம் பேர் கடந்துபோகிறார்கள், ஆயிரத்தில் பத்துப் பேர் வாங்குகிறார்கள். அவள் கொடுக்கிறபோது வலது கையால் நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். பெரியவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுக்கும்போது எங்கள் ஊரில் அப்படித்தான் கொடுப்போம். டோக்கியோவில் வேறு யாரும் அப்படிக் கொடுக்கமாட்டார்கள்.

“வாணியா?”

“ஒரு நாளு வீடியோல பேசறப்ப போனு சாஞ்சிருச்சு. பின்னால அந்தப் பூனை தெரிஞ்சுது. ஆபீசு பக்கத்துலன்னு சொன்னா.”

“போயிக் கூப்பிடுங்களேன், அம்மா.”

“வேணாம். கிட்டப் போனா அந்தப் பிள்ளை பொய் சொன்னதா ஆயிரும். இப்ப அது பொய் இல்லதானே? நான்தான் பாக்கலையே.”

“பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறீங்க.”

“அதுக்குத் தெரியாதே.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். அன்று எனக்கு அது வாயில் வரவில்லை. பிறகு அவர் கேட்டார்: “அது என்ன வேல சயாமா?”

பத்து வருஷமாக அந்தத் தெருவைப் பற்றிப் பேசிப் பிழைத்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. அந்த மாடிப்படி சாப்பாட்டுக் கடைக்கும் போகலாம், டீக்கடைக்கும் போகலாம், வேறு எங்கும் போகலாம். “இருங்க, பாத்துட்டு வரேன்” என்று தெருவைக் கடந்தேன்.

கிட்டத்தில் பார்த்தேன். பலகையில் ஒரு பூனைப் படம், ஒரு விலை, மற்றதெல்லாம் அடர்த்தி எழுத்து. என் கையில் இருந்த போனைத் தூக்கிப் பிடித்தால் அது எழுத்தைப் படித்துப் பர்மியத்தில் சொல்லிவிடும். மெனு பார்க்க அதைத் தினம் செய்கிறவள்தான் நான். அன்று தூக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெரிந்துகொண்டால் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயமா, தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை என்ற எண்ணமா, சொல்ல முடியவில்லை.

அவள் என் மார்பில் குத்தியிருந்த பர்மிய எழுத்துச் சின்னத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முழங்கையைத் தொட்டுக்கொண்டு பொட்டலத்தை நீட்டினாள். ஒன்றில்லை, இரண்டு. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுதான் கொடுத்தாள். கைதவறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“சாப்பாட்டுக் கடைக்கு விளம்பரம் குடுக்கற மாதிரி தெரியுது” என்று திரும்பி வந்து சொன்னேன். அந்த அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சாப்பாட்டுக் கடையா” என்று மட்டும் சொன்னார். மணி பத்தே முக்கால். கிளம்பச் சொல்ல என்னால் முடியவில்லை. நானும் தூணுக்குப் பின்னால் நின்றேன். பதினோரு மணிக்கு மாடிப்படியிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் இறங்கி வந்து, ஒரு பெரிய கோட்டை வாணியின் தோளில் போட்டு, பலகையைத் தான் வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப்போனாள். அன்பாகத்தான் செய்தாள். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

“போலாம் சயாமா” என்றார் ராஜேஸ்வரி அம்மா. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவகிட்ட சொல்லிராதீங்க.” சொல்ல மாட்டேன் என்றேன்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது ஹோட்டல் கதவைத் திறந்தோம். மோரி சான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார், மேசையில் அந்தக் காகிதம். எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் கொடியையும் சுருட்டினார். நான் முதலாளிக்குப் போன் போட்டு, “நிறைஞ்சுது சயா” என்றேன். எங்கே இருந்தார் என்று அவர் கேட்கவில்லை. ஊர் வந்த பிறகுதான் கேட்டார். மருந்துக் கடை வாசலில் என்றேன். அது உண்மை. உலகப் படத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் வெற்றிலை மென்றார். பிறகு தமிழில், “இனிமே புதன்கிழமைக்கு ஒரு மூலை போதும். தந்தம் இருந்தாலும் இல்லாட்டாலும் யானை ஒன்னுதான்” என்றார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வாணி ஹோட்டலுக்கு வந்தாள். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வாரிக் கட்டிய முடி, கையில் இனிப்புப் பெட்டி. பாதி பர்மியம், பாதி தமிழ். ஆபீசில் வேலை எப்படி என்று அம்மா கேட்டார். பரவாயில்லை என்றாள் மகள். “காலுக்கு ரெண்டு சாக்ஸு போட்டுக்க” என்றார் அம்மா. “சரிம்மா. நீங்களும் குளிர்ல ராத்திரியில வெளிய நிக்காதீங்க” என்றாள் மகள். ஆபீசில் எதற்கு இரண்டு சாக்ஸ் என்று அவள் கேட்கவில்லை. நான் எங்கே வெளியே நின்றேன் என்று இவர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் புரை ஏறியது.

லிஃப்ட் வரை என்னோடு வந்தவள் மெதுவாகச் சொன்னாள். “அன்ட்டி, அன்னிக்கு அம்மா தூணுக்குப் பின்னாலதான் நின்னாங்க. முதல்லேர்ந்தே பாத்தேன். மூக்க மூக்கத் தொடச்சாங்க, அதான் ரெண்டா குடுத்தேன். நான் பாத்தேன்னு அவங்ககிட்ட சொல்லிராதீங்க.”

“ஏன்டா கண்ணு?”

“அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சாத்தான் எனக்கு அவங்ககிட்டப் பேச வருது.”

என்ன வேலை அது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. லிஃப்ட் வந்துவிட்டது. சொல்ல மாட்டேன் என்று அவளுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு குழுவைக் கூட்டிப்போனேன், பிறகு ஓய்வு. ராஜேஸ்வரி அம்மா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். போகிறபோது செருப்பைப் போட்டுக்கொண்டே, “பிள்ளைக்குத் தெரியாதுல்ல சயாமா?” என்பார். தெரியாதும்மா என்பேன். மாதத்துக்கு ஒரு தரம் வாணியிடமிருந்து செய்தி வரும், “அம்மாவுக்குத் தெரியாதுல்ல அன்ட்டி?” என்று. தெரியாதும்மா என்று எழுதுவேன். நான் யாரைக் காப்பாற்றுகிறேன், யாரை ஏமாற்றுகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை. சில நாள் இரண்டு பேர் மேலும் கோபம்கூட வருகிறது. சொல்லித் தொலைத்தால் என்ன?

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் வந்த ஒரு பிள்ளையிடம் வாணி பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள். மூட்டு வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, இரண்டு ஜோடி சாக்ஸ், இனிப்பு. அடியில் ஒரு டிஷ்யூ பொட்டலம். அதே பூனைப் படம், அதே எழுத்து. அதை அவள் தெரிந்து வைத்தாளா, இடம் அடைக்க வைத்தாளா?

பக்கத்து வீட்டுப் பெண் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்றாள். ராஜேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். அந்தத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த அதே பார்வை. “சயாமாவுக்கு ஜப்பான் எழுத்துத் தெரியும்” என்றார்.

பொட்டலம் என் கைக்கு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்தேன்.

“அவ ஆபீசு பேரு” என்றேன்.

ராஜேஸ்வரி அம்மா அதை வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். பிறகு எல்லாருக்கும் டீ போட எழுந்து போனார்.